டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறதா? மலை இறக்கத்தில் பிரேக் கோளாறை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

நீலகிரியில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், பர்லியார் பழக்கடைகளுக்கு எதிரே ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. பின்னால் கூடாரப் பெட்டி ஏற்றிய ஒற்றை அச்சு டிரெய்லர். ஓட்டிவந்தவர் மங்குஸ்தான் விலை பேசிக்கொண்டிருந்தார். கருகிய பிரேக் லைனிங் வாடை சாலையின் இந்தப் பக்கம் வரை வந்தது. அருகில் போய் டிரெய்லரின் இடது ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், விரலை நனைத்து ஒரு சொட்டு நீர் விட்டேன். தோசைக்கல்லில் விழுந்ததுபோல் சீறிக்கொண்டு ஓடியது. வலது ஹப்பில் விட்டேன். சொட்டு அப்படியே வழிந்து கீழே விழுந்தது.

"ஜீப்பின் பிரேக் புதிது அண்ணா, போன மாதம்தான் மாற்றினேன்" என்றார் அவர். நான் ஜீப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

குன்னூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் எனக்கு மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படி வாய்க்கிறார்கள். முன்வண்டியின் பிரேக்கைப் பற்றி எல்லாம் தெரியும். இழுத்துவரும் வண்டிக்கென்று ஒரு பிரேக் இருக்கிறது, அதற்கென்று தனியாக நோய்கள் இருக்கின்றன என்பது மட்டும் தெரியாது. அந்த நோய்களை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். சில அறிகுறிகள் பழுதைக் காட்டும், அவற்றைச் சரிசெய்துவிடலாம். வேறு சில, வாங்கிய பிரேக் வகையே இந்த மலைக்குச் சரிப்படாது என்று சொல்லும். அவற்றுக்கு எத்தனை முறை பட்டறைக்கு வந்தாலும் தீர்வு கிடைக்காது. இரண்டையும் பிரித்து அறிவதுதான் பாதி வேலை.

தொடங்குமுன் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்

டிரெய்லரின் கழுத்தில், கொக்கிக்குச் சற்றுப் பின்னால், துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருந்தால் அது ஓவர்ரன் பிரேக். முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே வந்து தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளே உள்ளிருக்கும் தண்டை நகர்த்திக் கம்பி வழியாகவோ எண்ணெய் வழியாகவோ பிரேக்கைப் போடும். ஓட்டுநருக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளையான டிரம்முக்குள் இரண்டு வயர்கள் போய், ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால் அது மின்சாரப் பிரேக். டிரம்முக்குள் இருக்கும் மின்காந்தம் சுழலும் டிரம்மைப் பற்றிக்கொண்டு, அதன் உட்புறத்தில் உரசிப் பிடிக்கும் ஷூவை விரிக்கும்.

காற்றுக் குழாயோ எண்ணெய்க் குழாயோ முன்வண்டியிலிருந்து வந்தால் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. எதுவுமே இல்லை என்றால் பிரேக் இல்லாத டிரெய்லர். ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோ வரை அதற்கு அனுமதி உண்டு. அந்தக் கணக்கு சமவெளிக்கும் சேர்த்துப் போட்டது. நம் இறக்கங்களில் 400 கிலோவைத் தாண்டினாலே நான் பிரேக் கேட்பேன்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அமெரிக்காவில் மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் தங்கள் சிறிய காரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் காரின் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் ஒரு பெட்டியை வைத்து, அதன் கையைப் பிரேக் பெடலில் மாட்டிவிடுவார்கள். முன்வண்டி நிற்கும்போது பெட்டி பெடலை அழுத்தும். நம் நாட்டில் பழுதான வாகனத்தையும் பதிவுபெற்ற டிரெய்லரையும் தவிர வேறு வண்டியை இழுத்துச் செல்லச் சாலை விதி இடம் தருவதில்லை. ஆகவே இந்தப் பெட்டி இங்கே உங்களுக்கு வேலைக்காகாது. ஆனால் அதன் நோய்க்கும் நம் டிரெய்லரின் நோய்க்கும் வேர் ஒன்றுதான், கீழே வருகிறது.

அறிகுறி: பிரேக்கைத் தொடாமலே டிரெய்லரின் இரண்டு ஹப்பும் கொதிக்கின்றன

இந்த மலையில் அதிகம் பார்க்கும் கோளாறு இது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

இறங்கத் தொடங்குமுன் சமதளத்தில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, டிரெய்லரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றாமல் உரசினால் அது பழுது. ஹேண்ட் பிரேக் கம்பி துருப்பிடித்துத் திரும்பாமல் இருக்கலாம். ஷூவை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். ஓவர்ரன் வகையானால் கழுத்துத் தண்டு கிரீஸ் வறண்டு உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். கிரீஸ் அடித்து, கம்பியை மாற்றி, ஷூவைத் தளர்த்தினால் தீர்ந்தது.

சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது, ஆனாலும் குன்னூரிலிருந்து கல்லாறு வருவதற்குள் ஹப் கொதிக்கிறது என்றால் பழுது எதுவும் இல்லை. பிரேக் தன் வேலையைத்தான் செய்கிறது. குழப்பமே அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் 1,000 கிலோ டிரெய்லர் முன்வண்டியைச் சுமார் 83 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். சக்கர உராய்வுக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஓவர்ரன் பிரேக்குக்கு இது சரிவு என்று தெரியாது. யாரோ முன்னால் பிரேக் போட்டுவிட்டார்கள் என்றே எண்ணிக்கொள்ளும். சரிவு முடியும் வரை ஷூ டிரம்மை விடாது.

இரண்டாம் கியரில் இறங்குங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் ஓவர்ரன் டிரெய்லரின் பிரேக்கைக் கியர் விடுவிக்காது. எஞ்சின் ஜீப்பைப் பிடித்துவைக்கும், டிரெய்லர் அந்த ஜீப்பின்மேல் சாய்ந்து தள்ளும், தள்ளும் வரை பிரேக் விழும். குறைந்த வேகத்தால் ஒரு நன்மை உண்டு. அதே வெப்பம் கூடுதல் நேரத்தில் பரவுவதால் டிரம் ஆற இடைவெளி கிடைக்கிறது. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு 1,300 மீட்டருக்கு மேல். 1,000 கிலோ அந்த உயரம் இறங்கும்போது விடும் ஆற்றல் ஏறக்குறைய 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் போக வேண்டிய இடம் அந்த இரண்டு சிறிய டிரம்கள்தான்.

ஆகவே ஓவர்ரன் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இது. காட்டேரியில் ஒரு முறை, பர்லியாரில் ஒரு முறை, அகலமான இடம் பார்த்து நின்று கால்மணி நேரம் ஆறவிடுங்கள். நிற்கும்போது சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கொதிக்கும் டிரம்மின்மேல் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் டிரம் அந்த வடிவத்திலேயே ஆறிக் கோணிக்கொள்ளும். வாளித் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஊற்றியதில் விரிசல் விட்ட டிரம் ஒன்று இன்றும் என் பட்டறை வாசலில் பூந்தொட்டியாக இருக்கிறது.

மின்சாரப் பிரேக்கில் இதே அறிகுறி வந்தால் வேறு இடத்தில் தேடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் பிரேக் விளக்கின் மின்சாரத்தை வைத்துத்தான் விழிக்கும். பெடலுக்கு மேலே உள்ள சுவிட்ச் சரியாக மீளாவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், டிரெய்லரும் பிடித்துக்கொண்டே வரும். சில பெரிய வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகம் குறைப்பது) போட்டாலே பின்விளக்கு எரியும்படி வயரிங் செய்திருப்பார்கள். இறக்கம் முழுக்க எக்ஸாஸ்ட் பிரேக்கில் வருகிற ஓட்டுநர், தெரியாமலேயே டிரெய்லர் பிரேக்கையும் போட்டுக்கொண்டு வருவார். இரவில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி விளக்கைப் பார்க்கச் சொன்னால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: ஏற்றத்தில் பிடிப்பதில்லை, இறக்கத்தில் விடுவதில்லை

குன்னூரில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் தம்பி அமெரிக்காவில் டென்வரில் இருக்கிறார். மோட்டார் ஹோமுக்குப் பின்னால் கார் இழுப்பவர். ஒருநாள் ஆசிரியர் கைபேசியை என் கையில் கொடுத்து, "இவனிடம் நீயே பேசு, எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்றார். தம்பி சொன்ன அறிகுறிதான் மேலே உள்ள தலைப்பு.

பெடல் பெட்டிக்குள்ளும், மின்சாரப் பிரேக்கின் சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள்ளும், ஊசல் போன்ற ஓர் உணரி இருக்கிறது. வண்டி வேகம் குறையும்போது ஊசல் முன்னே சாயும், அந்தச் சாய்வின் அளவுக்குப் பிரேக் விழும். சமவெளியில் அருமையான ஏற்பாடு. இறக்கத்திலோ வண்டியின் மூக்கு கீழே இருப்பதால் ஒரே வேகத்தில் போனாலும் ஊசல் முன்னே சாய்ந்துதான் தொங்கும். ஏற்றத்தில் பின்னே சாய்ந்து தொங்கும். அப்போது உண்மையாகவே பிரேக் போட்டாலும் ஊசல் நடுவுக்கு வரவே நேரமாகும். உணரிக்குச் சரிவையும் நிறுத்தத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அவரிடம் உணர்திறன் திருகைக் குறைக்கச் சொன்னேன். முன்வண்டியின் பிரேக் விளக்கு எரிந்தால் மட்டும் வேலை செய்யும்படி இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருந்தது, மாட்டவில்லை. மாட்டியதும் பாதித் தொல்லை போயிற்று. மீதி வேறு இடத்தில் இருந்தது. பெட்டி இருக்கையில் முட்டுக்கொடுத்து நிற்கும் வகை. குண்டு குழியில் இருக்கை அரை அங்குலம் முன்னே நகர்ந்து, பெடல் எந்நேரமும் லேசாக அழுந்தியே இருந்திருக்கிறது. இருக்கையை நகர்த்திப் பூட்டி, பெடலுக்கும் கைக்கும் இடையில் இழுபறி இல்லாமல் வைத்த பிறகு சக்கரம் ஆறியது.

இழுக்கப்படும் காரின் எஞ்சின் ஓடாது என்பதால், பெடலை மிதிப்பதை இலேசாக்கும் பிரேக் பூஸ்டரில் வெற்றிடம் புதிதாக உண்டாகாது. இரண்டு மூன்று மிதியில் இருப்பதும் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். அதனால் பெட்டியை அமைக்கும்போதே பெடலை நான்கைந்து முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, அந்தக் கல் பெடலுக்கு ஏற்ற அழுத்தத்தை வைக்க வேண்டும். சில ஹைப்ரிட் கார்களில் எஞ்சின் நின்றாலும் பெடல் உதவி நிற்காது. அங்கே அதே அழுத்தத்தை வைத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பெட்டியின் கையேட்டில் அதற்கென்று தனி அமைப்பு இருக்கும்.

அறிகுறி: ஒரு ஹப் சூடு, மற்றது குளிர்ச்சி

பர்லியாரில் பார்த்த ஜீப்பின் கதை இது. எல்லோரும் சூடான பக்கத்தைத்தான் கழற்றுவார்கள். நான் குளிர்ந்த பக்கத்தை முதலில் கழற்றுவேன். பெரும்பாலும் சூடான சக்கரம் இருவர் வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருக்கும், குளிர்ந்தது சும்மா உருண்டு வந்திருக்கும்.

குளிர்ந்த பக்கத்தில் பார்க்க வேண்டியவை: ஆயில் சீல் கிழிந்து ஷூவில் கிரீஸ் படிந்திருக்கிறதா, ஷூ தேய்ந்து இடைவெளி கூடிவிட்டதா, மின்சார வகையில் காந்தத்துக்கு மின்சாரம் போகிறதா. கடைசிச் சோதனைக்கு மல்டிமீட்டர் போதும். வழக்கமான பத்து, பன்னிரண்டு அங்குல டிரம்முக்கான காந்தத்தின் தடை 3 முதல் 4 ஓம் வரை இருக்கும். எல்லையற்றது என்று காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் உள்ளே ஷார்ட்.

பர்லியார்க்காரருடையது ஓவர்ரன். இடப்பக்க ஷூவைப் புதிதாகப் போட்டவர், வலப்பக்கம் "இன்னும் நன்றாக இருக்கிறது" என்று விட்டிருக்கிறார். பிரேக் வேலையில் சிக்கனம் பார்க்க இடமே இல்லாத ஒரு விஷயம் உண்டென்றால் அது இதுதான்: ஓர் அச்சில் இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து மாற்ற வேண்டும்.

அறிகுறி: டிரெய்லர் தள்ளுகிறது, பிரேக்கே இல்லாததுபோல

ஜீப்பில் பிரேக்கை மிதித்தவுடன் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். டிரெய்லர் பிரேக் தாமதமாக விழுகிறது, அல்லது விழவே இல்லை.

ஓவர்ரனில் இதைச் சோதிக்க டிரெய்லரின் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முன்வண்டியை மெல்லப் பின்னே நகர்த்துங்கள். கழுத்துத் தண்டு எதிர்ப்புக் காட்டி உள்ளே போய், விட்டதும் நிதானமாக வெளியே வர வேண்டும். சட்டென்று உள்ளே போய் இடித்தாலோ, போனது போனபடி இருந்தாலோ உள்ளே இருந்து அதிர்ச்சியை அடக்கும் டேம்பர் போய்விட்டது. அது போனவர்களுக்கு இன்னோர் அறிகுறியும் இருக்கும்: ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பின்னால் டங்கென்று ஓசை. அதை "கொக்கி ஆடுகிறது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். கொக்கி ஆடவில்லை.

மின்சார வகையில் முதலில் எர்த் வயரைப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை அங்கேதான். டிரெய்லரின் எர்த்தைக் கொக்கியின் இரும்புத் தொடர்பை நம்பி விட்டிருப்பார்கள். கிரீஸும் துருவும் சேர்ந்து அந்த வழியை அடைத்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் தனி வயர் வேண்டும். அடுத்து வயரின் பருமன். 12 வோல்ட்டில் ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் கேட்கும். இரண்டு சக்கரத்துக்கு 6, நான்குக்கு 12. முகப்பு விளக்குக்குப் போடும் ஒல்லி வயரில் அதை அனுப்பினால் டிரம்முக்குப் போய்ச் சேர்வதற்குள் வோல்ட் கரைந்துவிடும். பட்டறை வாசலில் நிற்கும்போது காந்தம் சொடுக்கென்று ஒட்டும், இறக்கத்தில் கேட்ட அளவுக்குப் பிடிக்காது.

வயர் சரியாக இருந்தால் ஷூ இடைவெளி. ஷூவைச் சரிசெய்யும் நட்சத்திரப் பல்சக்கரத்தைச் சுற்றி, வண்டிச் சக்கரம் இறுகும் வரை ஷூவை விரித்து, பிறகு லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்துங்கள். புதிய ஷூ போட்டவர்கள் மலை ஏறுமுன் மேட்டுப்பாளையம் பக்கமே சமதளச் சாலையில் இருபது முப்பது முறை மிதமான வேகத்தில் பிரேக் போட்டுப் பழக்க வேண்டும். பழகாத லைனிங் பாதிப் பிடிதான் பிடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு தள்ளுகிறது என்றால் பாரத்தைக் குறையுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. மேலே நிரப்பிய நீரைக் கீழே கல்லாற்றுக்குச் சுமந்துவர என்ன வேண்டுதலோ.

அறிகுறி: எட்டாவது, ஒன்பதாவது வளைவுக்குப் பிறகு ஜீப்பின் பெடல் பஞ்சுபோல் இறங்குகிறது

உடனே நிற்க வேண்டிய அறிகுறி இது ஒன்றுதான். பெடலை விட்டு விட்டு மிதித்துக் கியரைக் குறைத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள். பள்ளத்தின் பக்கம் எவ்வளவு அகலமான இடம் இருந்தாலும் வேண்டாம்.

பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். அந்த ஆவிதான் பஞ்சு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் இயல்புள்ளது. டாட் 4 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. டாட் 3 ஆனால் 205, 140. ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் பனிமூட்டமும் பார்க்கிற நீலகிரியில் ஆயில் பழையதாவதற்கு ஓட வேண்டியதே இல்லை, நின்றாலே போதும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள், நான் ஒவ்வொரு ஆண்டும் மழை முடிந்ததும் மாற்றிவிடுவேன்.

அரை மணி நேரம் ஆறினால் பெடல் திரும்பிவிடும். திரும்பிவிட்டதே என்று கிளம்பிவிடாதீர்கள். இந்த அறிகுறி ஜீப்பில் தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் பின்னால் இருக்கிறது: டிரெய்லர் தன் பங்கைச் செய்யவில்லை, ஜீப் இரண்டு வண்டியையும் நிறுத்திக் களைத்துவிட்டது. டிரெய்லரின் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். ஜீப்பின் சக்கரம் கொதித்து, டிரெய்லரின் ஹப் குளிர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அறிகுறி: ஊட்டியில் பெடல் கனமாக இருக்கிறது, கோவையில் இல்லை

பழுது இல்லை. வெற்றிடப் பூஸ்டர் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்தால். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். உதவியும் அந்த அளவுக்குக் குறையும். வெற்றிடத்தால் இயங்கும் டிரெய்லர் பிரேக் வைத்திருப்பவர்களும் இதை எதிர்பார்க்க வேண்டும். சமவெளியில் சோதித்து வைத்த அளவை இங்கே ஏற்ற வேண்டியிருக்கும். டென்வர்த் தம்பிக்கு இது தானே விளங்கியிருந்தது. அவர் தாண்டும் கணவாய்கள் நம் தொட்டபெட்டாவைவிட உயரம்.

சில சிறு தொல்லைகள்

கொண்டை ஊசி வளைவில் பின்னே எடுக்கும்போது டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டால், பழைய ஓவர்ரன் வகை அது. பின்னோக்கித் தள்ளுவதையும் பிரேக் என்று எடுத்துக்கொள்ளும். கழுத்தில் ஒரு தடுப்பு நெம்புகோல் இருக்கும், இறங்கிப் போய் அதைப் போட வேண்டும். ஏறிவரும் பஸ்ஸுக்கு வழிவிட வேண்டிய நேரத்தில் இது எவ்வளவு இன்பமான வேலை என்று சொல்லத் தேவையில்லை. தானாக விடுவிக்கும் டிரம் உள்ள வகைகள் கிடைக்கின்றன.

காலையில் முதல் பிரேக் மட்டும் வெடுக்கென்று பிடிக்கிறதா? இரவுப் பனியில் டிரம்மில் மெல்லிய துரு. நான்கு முறை போட்டால் போய்விடும். போகாவிட்டால் ஷூவில் கிரீஸ் இருக்கிறது.

டிரெய்லரின் வால் ஆடினால் பிரேக்கைத் தேடாதீர்கள், சாமானை முன்னுக்கு நகர்த்துங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின்மேல் இருக்க வேண்டும்.

அறுபடும் நேரத்துக்கான கம்பி வளைவில் தானாகப் பிடுங்கிக்கொண்டு டிரெய்லரை நடுச்சாலையில் நிறுத்திவிட்டது என்று ஒருவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார். டிரெய்லர் கழன்றுபோனால் ஊசியை உருவிப் பிரேக்கைப் போடும் கம்பி அது. இறுக்கமான வளைவில் இழுபடாத அளவுக்கு நீளம் விட்டு, முன்வண்டியின் சட்டத்தில் மாட்ட வேண்டும். கொக்கியிலேயே மாட்டினால் கொக்கி கழன்று போகும்போது கம்பியும் கூடவே போய்விடும். மின்சார வகையில் அதற்கென்று டிரெய்லரில் தனி பேட்டரி உண்டு. ஊசியை மாதம் ஒரு முறை கையால் உருவிச் சக்கரம் இறுகுகிறதா என்று பாருங்கள். பேட்டரி செத்துப்போய் இரண்டு ஆண்டு ஆன டிரெய்லர்கள் நிறையவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

புதிதாக வாங்குவதானால்

மேலே உள்ளவற்றைக் கூட்டிப் பார்த்தால் என் விருப்பம் தெரிந்திருக்கும். மலைக்கு, ஓட்டுநரின் காலுக்குக் கட்டுப்படும் பிரேக் வேண்டும். சரிவுக்குக் கட்டுப்படும் பிரேக் வேண்டாம். கால் மிதித்தால் பிடிக்க வேண்டும், எடுத்தால் விட வேண்டும், இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்துவரும்போது டிரம் ஆறிக்கொண்டே வர வேண்டும்.

காற்றுப் பிரேக் உள்ள பெரிய வண்டி இழுப்பதானால் அதே காற்றிலிருந்து எடுப்பதே முதல் தேர்வு. எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு அழுத்தம், சாய்வுக்கு அங்கே வேலையில்லை. ஜீப், பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு மின்சாரப் பிரேக். கட்டுப்பாட்டுப் பெட்டியில் மூன்று வகை உண்டு. பிரேக் விளக்கை மட்டும் பார்த்து ஒரே அளவாகப் பிடிப்பது மலிவு. லேசாகத் தொட்டாலும் முழு அளவுக்கு ஏறும். ஊசல் வகை நடுத்தரம். விளக்கோடு இணைத்தால் சமாளிக்கலாம். பிரேக் ஆயிலின் அழுத்தத்தையே நேராகப் படிப்பது விலை கூடுதல். இந்தச் சாலைகளில் தினமும் ஓடுபவர் அதைத்தான் வாங்க வேண்டும். எதுவானாலும் கையால் தனியாக டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடும் நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். சோதிக்க அது இல்லாமல் ஆகாது.

ஓவர்ரனை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வயர் இல்லை, பேட்டரி இல்லை, எந்த வண்டியிலும் மாட்டலாம். ஆண்டுக்கு இரண்டு முறை மலையேறும் கோயம்புத்தூர்க்காரருக்கு அது போதும், நின்று நின்று இறங்கப் பொறுமை இருந்தால்.

இழுபடும் ஒவ்வொன்றும் தன் பாரத்தைத் தானே பிடிக்க வேண்டும் என்பதை இந்த மலை எப்போதோ கற்றுக்கொண்டது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை ரயிலில், எஞ்சின் எப்போதும் இறக்கத்துப் பக்கம்தான் நிற்கும். அத்தனை பெட்டியும் அதன்மேல் சாயும். இருந்தும் எஞ்சினின் பிரேக்கை மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர் நிற்பார். எஞ்சினின் விசிலைக் கேட்டே பிடிப்பார், விசிலைக் கேட்டே விடுவார். கல்லாறுக்கு மேலே பல்சக்கரப் பாதையில் அவர்கள் கை பிடியை விட்டு நகர்வதே இல்லை. உங்கள் டிரெய்லர் பிரேக் அந்த ஆள்தான். விசிலைக் கேட்டுப் பிடிக்கிற ஆளா, சரிவைப் பார்த்துப் பயந்து பிடித்துக்கொண்டே வருகிற ஆளா என்பதைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

மாட்டிய பிறகு சோதனை ஓட்டம். சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கை நெம்புகோலை மட்டும் போட்டு, சக்கரம் பூட்டுவதற்குச் சற்று முன் நிற்கும் அளவுக்கு வையுங்கள். பிறகு பாதி பாரத்தோடு கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழியாக இறங்குங்கள், சரிவு குன்னூர்ச் சாலையைவிட இளக்கமானது. அதில் தேறினால் முழுப் பாரத்தோடு குன்னூர்ச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகள். 36 வளைவுள்ள கல்லட்டி இறக்கத்துக்கு எந்தப் பிரேக் இருந்தாலும் டிரெய்லரைக் கொண்டுபோகாதீர்கள்.

பர்லியார்க்காரர் அன்று ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்பினார். அடுத்த வாரம் பட்டறைக்கு வந்து இரண்டு பக்கமும் ஷூ மாற்றிக்கொண்டார். மின்சாரத்துக்கு மாற இப்போது பணமில்லை என்றார், சரி என்றேன். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுத்து, ஒவ்வொரு முறை இறங்கும்போதும் காட்டேரி, பர்லியார், கல்லாறு மூன்று இடத்திலும் இடது வலது ஹப்பின் சூட்டைத் தேதியோடு எழுதச் சொன்னேன். தொட்டுப் பார்ப்பதைவிடத் துப்பாக்கிபோல் நீட்டிச் சூடு பார்க்கும் கருவி நல்லது, இப்போது மலிவாகவே கிடைக்கிறது. போன முறை வந்தபோது புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். பதினொரு வரி எழுதியிருந்தார். ஒன்பதாவது வரியிலிருந்து வலது பக்கம் மெல்லக் குளிர்ந்துகொண்டு வந்திருந்தது. டிரம்மைக் கழற்றினோம். ஆயில் சீல் கசியத் தொடங்கியிருந்தது, கிரீஸ் அப்போதுதான் ஷூவின் ஓரத்தைத் தொட்டிருந்தது.